அப்பாவுக்கும் பந்து வந்தது

டுமாங்காஸ், இலோய்லோ
ஞாயிறு, பூசை முடிந்து வந்து எழுதுவது

அன்பு மகள் இண்டாய் ஜெரலினுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் கடவுள் புண்ணியத்தில் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், என் தொண்டையைத் தவிர. அது ஏன் கட்டிப்போனது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். நீ அந்த ஃபுகுவோகாவில் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். போனில் சொல்லலாமே என்பாய். போனில் நான் வாயைத் திறந்தாலே "சரிம்மா, மீட்டிங் இருக்கும்மா" என்று வெட்டிவிடுகிறாய், கடிதத்தை வெட்ட முடியாது பார். உன் ஊருக்கே நர்ஸ் வேலைக்கு வருகிற மரிதெஸ் கையில் கருவாட்டோடு சேர்த்துக் கொடுத்தனுப்புகிறேன். உன் அப்பா நேற்றுப் போனில் "நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அந்த மனுஷனுக்கு அவ்வளவுதான் பேச வரும், மிச்சத்தை நான்தான் சொல்ல வேண்டும்.

போன மாதம் நீ அழுதுகொண்டே சொன்னதை நான் மறக்கவில்லை. "எங்க கேமுக்கு அப்டேட் வந்ததும் அப்பா ஆடிப் பாக்கட்டும்மா, 'இது நான் இல்லை'ன்னு அவர் சொல்லிட்டார்னா நான் வேலைய விட்டுட்டு மூட்டையக் கட்டிக்கிட்டு வந்துடறேன்" என்றாய். உன் ஆபீஸில் நீங்கள் செய்த அந்தக் கூடைப்பந்து வீடியோ கேம் முதலில் வந்தபோது இங்கே நடந்த கூத்து உனக்குப் பாதிதான் தெரியும். பெபிங்கின் கம்ப்யூட்டர் கடையில் உட்கார்ந்து உன் அப்பா தன் சொந்த உயரத்தையே, ஐந்தடி இரண்டங்குலத்தையே, கொடுத்து ருஃபினோ என்று தன் பெயரையே வைத்து ஓர் ஆட்டக்காரனை உண்டாக்கினார். பெபிங் உன் ஞானத்தந்தை, அந்த முறையில் உன் அப்பாவுக்குக் கும்பாரே என்றாலும் வாய் சும்மா இருக்குமா? "ஏழடி போடு கும்பாரே, கம்ப்யூட்டர்லயாவது வளந்து தொலையேன்" என்றான். இவர் கேட்கவில்லை. ஆனால் அந்தத் திரை ருஃபினோவுக்கு ஒருத்தனும் பந்து கொடுக்கவில்லை மகளே. ஆளில்லாத மூலையில் நின்று கையை ஆட்டிக்கொண்டே இருப்பான், கூட்டாளிகள் நாலு பேரும் கண் தெரியாதவர்கள் மாதிரி நெட்டையனுக்கே எறிவார்கள். தப்பித்தவறிக் கையில் வந்த பந்தை இவன் தூக்கினால் பெபிங்கின் ஏழடியான் குதிக்கக்கூட மாட்டான், நின்ற இடத்தில் கையை நீட்டித் தட்டிவிடுவான். கடையே சிரிக்கும். ஒருநாள் பெபிங், "என்ன கும்பாரே, பெத்த மகளே உனக்குப் பந்து குடுக்க மாட்டேங்கறாளே" என்றான். உன் அப்பாவும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டுத்தான் வந்தார், ஆனால் வீட்டில் சோற்றைச் சாப்பிடாமல் அளைந்துகொண்டிருந்தார். இந்த ஊர் லீக்கில் தன்னைவிட ஒரு முழம் உயரமானவர்கள் தலைக்கு மேலாகப் பந்து போட்டவர் அவர், அதை மைக்கில் அறிவித்தவள் நான்.

கிறிஸ்துமஸுக்கு நீ வந்து இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாய். "உயரம்னா உயரம்தான், எங்க கணக்கு சரின்னு ஆபீஸ்ல சொல்றாங்கம்மா, குட்டையா இருக்கறவ தனக்காகப் பேசறான்னு நினைச்சுக்கறாங்க, அதான் நான் சொல்றது அவங்க காதுல விழமாட்டேங்குது" என்றாய். அப்புறம் திடீரென்று எழுந்துபோய் அப்பாவைத் திடலுக்கு இழுத்துக்கொண்டு போனாய். பெபிங்கை ஸ்டூல் மேல் ஏற்றிக் கையில் விளக்குமாற்றைக் கொடுத்து நிற்கவைத்து, அப்பா ஓடிவந்து ஒற்றைக் கையால் பந்தை வானத்துக்குத் தூக்கிவிடுவதையும் அது விளக்குமாற்றுக்கு மேலே ஏறி வளையத்துக்குள் விழுவதையும் போனில் படம் பிடித்தாய். மறுபடி, மறுபடி என்று அவர் முழங்கால் வலிக்கும்வரை விடவில்லை நீ. தனக்கு வந்த வினைக்குத் தானே விளக்குமாறு பிடித்தோம் என்று பெபிங்குக்கு நேற்றுத்தான் உறைத்தது.

நேற்று மத்தியானம் கடையில் அப்டேட் இறங்க ஆரம்பித்தது. நம் ஊர் இன்டர்நெட் உனக்குத் தெரியும், நத்தை அதைவிட வேகமாகப் போகும். அதற்குள் விஷயம் பரவி மீன் ஏலத்துக்குப் போனவர்கள் எல்லாம் கடை வாசலில் கூடிவிட்டார்கள், வாழைப்பழம் பொரிக்கிறவள் வண்டியையே அங்கே தள்ளிக்கொண்டு வந்துவிட்டாள். நான் பெபிங் கடைப் பாட்டுப் பெட்டியின் மைக்கைக் கையில் எடுத்துக்கொண்டேன். "அன்பான பெரியோர்களே, ஒருபக்கம் விளக்குக் கம்பம் பெபிங், மறுபக்கம் என் வீட்டுச் சுண்டெலி ருஃபினோ" என்று ஆரம்பித்ததுமே விசில் பறந்தது.

முதல் தடவையே என்ன நடந்தது தெரியுமா? திரை ருஃபினோ வழக்கம்போல மூலையில் போய் நின்றான், கூட்டாளி திரும்பிப் பார்த்து அவனுக்குப் பந்தை எறிந்தான். உன் அப்பாவுக்குப் பந்து வந்து பழக்கமே இல்லையே, எந்த விசையையும் அமுக்காமல் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். "யோவ், பந்து உன்கிட்டதான்யா இருக்கு, போடுய்யா" என்று நான் மைக்கிலேயே கத்தினேன். அதற்குள் நேரம் முடிந்து பந்து எதிரணிக்குப் போய்விட்டது, பெபிங் நாற்காலியில் புரண்டு சிரித்தான். அடுத்த தடவை இவர் விடவில்லை. உள்ளே ஓடினார். ஏழடியான் பழைய மாதிரியே மரமாக நின்று கையை நீட்டினான், பந்து அவன் விரல் நுனிக்கு மேலாக ஏறி இறங்கி வலைக்குள் போயிற்று. பெபிங் பதறிப்போய் அடுத்ததற்கு அவசரமாகக் குதித்தான், இவர் ஒரு நொடி பொறுத்தார், அவன் கீழே இறங்கும்போது இவர் பந்து மேலே ஏறிற்று. இப்போதெல்லாம் நெட்டையனும் சரியான நேரம் பார்த்துக் குதிக்க வேண்டியிருக்கிறது மகளே, சும்மா நின்றால் வேலைக்கு ஆகாது. பெபிங்கும் லேசுப்பட்டவன் இல்லை, பாதி ஆட்டத்துக்குள் நேரம் பிடித்துக்கொண்டு இரண்டு பந்தைத் தட்டிவிட்டான். எனக்குப் பகீரென்றது. உன் அப்பா என்ன சொன்னார் தெரியுமா, "அப்படித்தான் இருக்கணும் மெர்லி, நான் போடறதெல்லாம் விழுந்தா எம்மக எனக்குப் பிச்சை போட்ட மாதிரி ஆயிடும்" என்றார்.

கடைசியில் ஒரு புள்ளி பின்னால் நிற்கிறார், நேரம் ஓடுகிறது. திரையில் அந்த ருஃபினோ இடப்பக்கமாக வந்தான், இடது காலை நொண்டுவது போல் ஓர் அடி வைத்தான், தோளைச் சாய்த்துக்கொண்டு எழும்பினான். நான் கல்யாணம் கட்டிக்கொண்ட ஆள் அது, நீ திடலில் போனில் பிடித்த அதே முழங்காலும் தோளும் அப்படியே. மைக் பிடித்த நாளாக என் வாய் அடைத்துப்போனது நேற்றுத்தான். பந்து வளையத்தின் விளிம்பில் சுற்றி உள்ளே விழுந்ததைக்கூட நான் அறிவிக்கவில்லை, ஊர் போட்ட கூச்சலில்தான் எனக்கே தெரிந்தது. உன் அப்பா நாற்காலியை விட்டு எழுந்து திரையைக் கையால் காட்டி, "மெர்லி, அது நான்தான். நானேதான்" என்றார். கண்ணைத் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை. நீ கேட்ட பதில் இதுதான். பெபிங் உடனே "இன்னொரு ஆட்டம்" என்று உட்கார்ந்தான், புது ஆளை உண்டாக்கினான், எவ்வளவு உயரம் என்கிறாய்? ஐந்தடி ஒன்று. "உன்னவிட ஒரு இஞ்ச் கம்மி, பாத்துக்க கும்பாரே" என்றான். இப்போது கடையில் ஏழடியானைச் சீண்டுவார் இல்லை.

அப்புறம் இன்னொன்று. இப்படியே போனால் நீ வேலையை விட்டுவிட்டு வந்துவிடுவாய் என்று நினைத்து உன் அறைக்கு அடிக்க மஞ்சள் பெயிண்ட் வாங்கி வைத்திருந்தேன். நீ வீட்டோடு இருந்தால் எனக்குக் கசக்குமா? இன்று காலை உன் அப்பா என்னைக் கேட்காமலே அந்த டப்பாவைத் தூக்கிப்போய்த் திடலில் வளையம் மாட்டிய பலகைக்கு அடித்துவிட்டு வந்து நிற்கிறார், முழங்கைவரை மஞ்சள். திட்டலாம் என்றுதான் வாயெடுத்தேன், திட்டு வரவில்லை. தூரிகையில் ஒட்டியிருந்ததைக் கழுவ நானே மண்ணெண்ணெய் கொடுத்தேன்.

மறந்துவிடாதே, உங்கள் ஆட்டத்தில் வர்ணனை பண்ணுகிறவன் சுத்தத் தூங்குமூஞ்சி, அடுத்த அப்டேட்டில் அவனுக்கு ஒரு வழி பண்ணு. கருவாடு வறுக்கும்போது ஜன்னலைச் சாத்திக்கொள், பக்கத்து வீட்டு ஜப்பான்காரர்கள் பாவம். மாதா உன் கூடவே இருந்து காப்பாற்றட்டும், உன் கைக்கும் கண்ணுக்கும் ஒரு குறையும் வராமல் இருக்கட்டும். நீ வரவேண்டாம் மகளே, அங்கேயே இரு.

உன் ஆட்டத்தைப் பார்த்துத் தொண்டை கட்டிய அம்மா,
மெர்லிண்டா