திறந்த கதவு

பாம்பன்
ரமலான் பிறை பதினாறு

அன்பு மகள் சூஃபியாவுக்கு உம்மாவின் ஸலாம். அல்லாஹ்வின் கிருபையால் நானும் வாப்பாவும் சுகம், ஷார்ஜாவில் நீயும் மருமகன் இஃப்திகாரும் அப்படியே இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் துஆ கேட்கிறேன். போனில் பேசினால் நான் சொல்வதை விட்டுவிட்டு என் குரலின் வேகத்தையே அளக்கிறாய், அதனால்தான் எழுதுகிறேன்.

போன வாரம் நான் ஓயாமல் சிரித்துப் பேசியதும், பழையபடி நோய் ஏறிவிட்டது என்று பயந்து வேலையை விட்டுவிட்டு வரப்போகிறாயாம், வாப்பா சொன்னார். விட்டுவிடாதே மகளே. நடந்தது இதுதான். மனநோய்க்கு நான் சாப்பிடும் இந்த மாத்திரையைச் சாப்பிடுகிறவர்கள் பகலெல்லாம் தண்ணீர் குடிக்காமல் இருக்கக் கூடாது, நோன்பு வேண்டாம் என்று ராமநாதபுரத்து டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். தெருவே நோன்பாக இருக்க எனக்கு ஒரே வெட்கம், அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு திருடி மாதிரி தண்ணீர் குடிப்பேன், பிறகு அழுவேன், அந்த அழுகை நோயா மனக்கஷ்டமா என்றும் தெரியாது. ஒருநாள் அடுத்த வீட்டு சல்மா கஞ்சிக்குத் தேங்காய் கேட்டு வந்தவள் கதவைத் தள்ளிப் பார்த்துவிட்டாள். நான் செம்பை முந்தானைக்குள் மறைத்தேன். அவளோ, என்ன லாத்தா, ஒளிஞ்சு குடிக்கிறதுதான் குடிக்கிறீக, சர்பத்தாவது கலக்கக் கூடாதா என்றாள். அழுதுகொண்டே விஷயத்தைச் சொன்னேன். எங்க வாப்பா சுகருக்காக நோன்பை விட்டாக, அவுகள யாரு ஏசுனா, உங்களுக்கு மட்டும் என்ன வெக்கம் என்று என்னையே ஏசினாள். பள்ளிவாசல் ஹஜ்ரத்திடமும் ஆள் விட்டுக் கேட்டாள். நோயாளிக்கு ரப்பான அல்லாஹ் சலுகை கொடுத்திருக்கிறான், விட்ட நோன்புக்கு ஏழைக்குச் சாப்பாடு கொடுங்கள் என்றாராம். அதற்கு அரிசி பருப்பு அளந்து வைத்துவிட்டுத்தான் உன்னிடம் பேசினேன். நீ கேட்டது அந்தச் சிரிப்பு.

ஆனாலும் உன் பயம் தப்பில்லை, சந்தோஷம் வந்தால் எனக்கும் சந்தேகம் வருகிறது. போனை வைத்ததும் என்னையே கேட்டுக்கொண்டேன், ராத்திரி தூங்கினேனா, முன்பு நோய் ஏறியபோது செய்தது போல ஊருக்கெல்லாம் வட்டிலப்பம் அவிக்கக் கிளம்பினேனா, யார் மேலாவது எரிந்து விழுந்தேனா என்று. தூங்கினேன், அவிக்கவில்லை, வாப்பா மேல் எரிந்து விழுந்தேன், அது நோய் வருவதற்கு முன்பிருந்தே உள்ள பழக்கம்தான். இனி சந்தேகம் வந்தால் தூங்குனீகளா உம்மா என்று நேராகவே கேள். இல்லையென்றால் இல்லை என்பேன், வாப்பா அன்றைக்கே டாக்டரம்மாவிடம் கூட்டிப்போவார், நானே அப்படிச் சொல்லி வைத்திருக்கிறேன். நீ லீவு போட்டுப் பெருநாளைக்கு வா, பயந்துகொண்டு வராதே.

உங்கள் இருவருக்கும் அல்லாஹ் நீண்ட ஆயுளும் பரக்கத்தும் தருவானாக. விடியுமுன் ஸஹர் சாப்பாட்டில் தண்ணீர் நிறையக் குடி, அங்கே வெயில் அதிகம். மதியத் தொழுகைக்கு லுஹர் பாங்கு கேட்கிறது, எனக்கு மாத்திரை நேரம். அடுப்படிக் கதவைத் திறந்தேதான் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு
உன் உம்மா
ரம்ஜான் பீவி