அடக்கியே பழகிய உடம்பு

புரட்டாசி 9, வியாழன். தஞ்சாவூர்.

ஒரத்தநாட்டுப் பக்கத்திலிருந்து ஸ்கேனுக்கு வந்த செல்வி, வாசலில் பெயர் பதியும் என்னைத் துணைக்கு உள்ளே அழைத்தாள். பிள்ளையை ஆயுதம் போட்டு எடுத்ததிலிருந்து, நாற்று நடக் குனிந்தால் அவளுக்குச் சிறுநீர் கசிகிறது. நடிப்பு என்கிறான் கணவன். ஸ்கேனில் தெரிந்தால்தான் நம்புவானாம். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தான்.

"பிரசவத்துல முக்குன மாதிரி முக்கும்மா," என்றார் டாக்டர் அம்மா. செல்வி முகம் சிவக்க மூச்சைப் பிடித்தாள். திரையில் எதுவும் கீழே இறங்கவில்லை. மறுபடியும் அப்படித்தான்.

"அப்ப ஒண்ணும் இல்லையா டாக்டர்?" என்றேன். அவள் காதுபடக் கேட்டிருக்கக் கூடாது. செல்வியின் கண் நிரம்பிவிட்டது.

"இவ முக்கவே இல்லீங்க. ஒழுகிடுமோன்னு இறுக்கிப் பிடிக்கிறா. நீங்க கொஞ்சம் வெளிய இருங்க. ஆள் இருந்தா விடமாட்டா."

போய்க் கணவன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ஒண்ணும் இல்லதானே?" என்றான்.

பிறகு இருவரையும் கூப்பிட்டார்கள். நான் வெளியே போன பிறகு அவள் முக்கியபோது சிறுநீர்ப்பை சரிந்ததையும், தாங்க வேண்டிய தசை இடப்பக்கம் எலும்பை விட்டுக் கிழிந்திருந்ததையும் டாக்டர் திரையில் காட்டினார். படுக்கை விரிப்பு நனைந்திருந்தது. செல்வி அதை மறைக்கவில்லை.

அவன் திரையையும் விரிப்பையும் பார்த்தான். "நாளைக்கு நடவுக்கு நீ வருவேன்னு சொல்லியிருக்கேனே."

"அப்ப எம் எடத்துல நீங்க போயி நில்லுங்க," என்றாள் செல்வி.

சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. வண்டியை எடுக்கப் போனான்.

இந்நேரம் அவள் வீட்டில் என்ன நடக்கிறதோ. கூப்பிட்டுக் கேட்கலாம். ஆனால் என் பதிவேட்டில் இருப்பது அவனுடைய எண்தான்.