கடல் தெரியுமா என்று கேட்ட அம்மாவுக்கு

ஞாயிறு, மாசி 12

இன்று ராஜகிரி உச்சிக்குப் போய்விட்டு வந்தேன். பதினாறு வருடமாகச் செஞ்சிக் கோட்டை வாசலில் வெள்ளரிப்பிஞ்சு விற்கிறேன். மலை ஏறியது இதுதான் முதல் தடவை.

காலையில் புதுச்சேரியிலிருந்து வந்த ஒரு அம்மா, "மேலேர்ந்து கடல் தெரியுமா?" என்று கேட்டார். யார் கேட்டாலும் சொல்வதுபோல, "நல்லா தெரியும்" என்றேன்.

"நீங்க பாத்திருக்கீங்களா?"

கூடையில் பிஞ்சுகளைத் திருப்பி அடுக்க ஆரம்பித்தேன். பக்கத்தில் மோர் விற்கும் செல்வி சிரித்துவிட்டாள். "இந்தக்கா இன்னாத்த பாத்துது? மல அடிவாரத்துல இருக்கிற கல்யாண மகாலத் தாண்டினதே இல்ல."

அந்தச் சிரிப்புதான் என்னைக் கிளப்பியது. கூடையை அவளிடமே தள்ளினேன்.

"இந்த முட்டிய வச்சிக்கினா? பாதியில உக்காந்துடுவக்கா."

உட்காரத்தான் செய்தேன், நான்கு முறை. ஒரு குரங்கு தண்ணீர் பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டு போனது. போகட்டும் என்று ஏறினேன். உச்சிக்கு முன்னால் பள்ளத்தின் மேல் இருக்கும் பாலத்தைக் கீழே பார்க்காமல் கடந்தேன்.

எந்தப் பக்கம் திரும்பினாலும் கடல் இல்லை. வயல், ஏரி, பாறை. எத்தனை பேரிடம் புளுகியிருக்கிறேன் என்று வெட்கமாக இருந்தது. அப்புறம் எங்கள் தெரு தெரிந்தது. மாடியில் நீலத் தண்ணீர் டேங்க், பக்கத்தில் பொட்டு மாதிரி, காலையில் நான் காயப்போட்ட சிவப்புப் புடவை. அங்கேயே நின்று சத்தமாகச் சிரித்தேன்.

இறங்கும்போது அந்த அம்மா நடுவழியில் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தார்.

"கடல் தெரியாதும்மா," என்றேன். "நான் பாத்துட்டேன்."

முட்டி விண்விண்ணென்று தெறிக்கிறது. கூடையைத் திருப்பிக் கொடுத்தபோது செல்வி ஒரு டம்ளர் மோரை நீட்டினாள். நாளைக்கு யாராவது கடல் தெரியுமா என்று கேட்கட்டும்.