நாற்காலிப் பேருந்து

அன்புள்ள தம்பிக்கு,

முதலில் இந்தக் கடிதத்துக்காக மன்னிக்க வேண்டும். உங்களுக்குக் கடிதம் எழுதும் உரிமை எனக்கு உண்டா என்று யோசித்து யோசித்தே பல நாள் போய்விட்டது. உங்கள் அப்பாவை மணந்து இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து போனில் நீங்களும் நானும் "எப்படி இருக்கீங்க", "இதோ அப்பாகிட்ட தரேன்" என்பதைத் தாண்டிப் பேசியதில்லை. எனக்கு நேரில் பேச்சு வராது, போனில் சுத்தமாக வராது. இங்கே மூவருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. அங்கே நீங்களும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பித்தான் மேலே எழுதுகிறேன்.

வீட்டில் சொல்லிக்கொள்ளும்படி பெரிய சேதி இல்லை. குளியலறைக் குழாய் ஒருவழியாகச் சொட்டுவதை நிறுத்திவிட்டது. மாடிப்படியில் விளக்குப் போட்டிருக்கிறார்கள், இனி உங்கள் அப்பா சுவரைத் தடவிக்கொண்டு ஏற வேண்டியதில்லை. முன்னறையில் உங்கள் அம்மாவின் படம் இருந்த இடத்திலேயே இருக்கிறது, கண்ணாடியை நானே துடைக்கிறேன். எனக்கு ஆஸ்பத்திரியில் அதே எக்ஸ்ரே அறைதான், "மூச்சை இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க" என்று நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லி, வீட்டில் பாப்பாவுக்குச் சட்டை மாட்டும்போதும் அதுவே வாயில் வந்துவிடுகிறது. அவளும் கன்னத்தை உப்பிக்கொண்டு நிற்கிறாள். உங்களை அவள் போன் அண்ணன் என்றுதான் சொல்கிறாள். பக்கத்து வீட்டுத் தையல்கார அக்காவிடம் போய், எனக்கு ஒரு அண்ணன் இருக்கான், போனுக்குள்ள இருக்கான், இப்ப வெளிய வரதே இல்ல என்று சொல்லியிருக்கிறாள். அந்த அக்கா சிரித்துக்கொண்டே வந்து சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்ததைப் பற்றித்தான் எழுத வந்தேன், சுற்றி வளைக்கிறேன். அன்று கூடத்தில் சாப்பாட்டு நாற்காலிகளை வரிசையாகப் போட்டு இருவரும் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். பாத்திர மூடிதான் ஸ்டியரிங். பாப்பா டிரைவர், அப்பா பயணி. அவர் மார்க்கெட்டில் நிறுத்தச் சொன்னால் அவள், "இது எக்ஸ்பிரஸ்யா, அங்கல்லாம் நிக்காது, முன்னாடியே கேக்கறதுக்கென்ன" என்று விரட்டுவாள். இத்தனை வருடம் பஸ் ஓட்டிப் பயணிகளிடம் இப்படிக் கத்தியவர், கையைக் கட்டிக்கொண்டு, சரிங்க டிரைவர் என்பார். அப்போதுதான் உங்கள் போன் வந்தது. அவர் ஆசையாகப் போனைத் திருப்பி நாற்காலிகளைக் காட்டி, "பாருடா, உன் ஆட்டம்தான், உன் தங்கச்சிக்குச் சொல்லிக் குடுத்துட்டேன்" என்றார். நீங்கள் நல்லாருக்குப்பா என்றீர்கள், வேலை இருக்கிறது என்றீர்கள், அவ்வளவுதான். உங்கள் முகம் மாறியதை நான் பார்த்தேன். அவர் பார்க்கவில்லை. லைன் போயிடுச்சு, திரும்பக் கூப்பிடுவான் என்று போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உங்களுக்குச் சந்தோஷமாக இருக்கும் என்றுதான் காட்டினார் தம்பி. பஸ்ஸை வளைக்கத் தெரியுமே தவிர, மனுஷர்களிடம் எங்கே திரும்ப வேண்டும் என்று அவருக்கு ஒருநாளும் தெரிந்ததில்லை.

இரண்டு வாரம் நீங்கள் போன் எடுக்காமல் போன பிறகுதான் அவருக்கு உறைத்தது. காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது தானாகவே வந்து சொன்னார். சின்ன வயதில் நீங்கள் நாற்காலிகளை அப்படி அடுக்கிவைத்து, டிக்கெட்டெல்லாம் கிழித்துவைத்து, அவர் ஷிப்ட் முடிந்து வரும்வரை காத்திருப்பீர்களாம். அவர் உள்ளே வந்ததும் கடைசி நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து ஷூ கழற்றுவாராம். "அது பஸ்ஸுன்னுகூட நான் பாக்கல, நாளெல்லாம் ஓட்டிட்டு வந்தவனுக்கு வீட்டுலயும் பஸ்ஸான்னு ஒருநாள் கத்திட்டேன், அதுக்கப்புறம் அவன் நாற்காலியையே தொடல" என்றார். அவர் அழுது நான் பார்த்ததில்லை. அன்றும் அழவில்லை. நறுக்கிய காயை எடுத்து மறுபடி நறுக்கினார்.

அன்றிலிருந்து அவர் பாப்பாவோடு விளையாடுவதில்லை. அவள் கூப்பிட்டால் முதுகு வலிக்கிறது என்கிறார். அந்த முதுகை எக்ஸ்ரே எடுத்தவளே நான், அப்படித்தானே எங்களுக்குப் பழக்கமானது, அது எப்போது வலிக்கும் என்று எனக்குத் தெரியாதா. விடாமல் கேட்டதற்கு, "அவனுக்குக் குடுக்காதத இவளுக்கு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் குடுக்கறது" என்றார். இப்போது பாப்பா பயணி இருக்கையில் ஒரு தலையணையை உட்காரவைத்து, இறங்குய்யா என்று அவளே சொல்லி, மாட்டேன் என்றும் குரலை மாற்றி அவளே சொல்லிக்கொள்கிறாள். அவர் உள்ளறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார். நான் அடுப்படியிலிருந்து இரண்டு பேரையும் பார்க்கிறேன். உங்களையும் நினைத்துக்கொள்கிறேன்.

நானே விளையாடிப் பார்த்தேன். வரவில்லை. என் அப்பா மூட்டை தூக்கியவர், எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கயிறு தாண்டக் கயிற்றை எடுத்தாலே, "கயிறு உனக்குச் சோறு போடுமா, போய்ப் படி" என்பார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அந்தப் படிப்பில்தான் இன்று சாப்பிடுகிறேன். ஆனால் விளையாட்டில் எப்படித் தோற்பது என்று எனக்கு யாரும் கற்றுத்தரவில்லை. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும், மொத்தம் எத்தனை நாற்காலி, எண்ணிச் சொல்லு என்று கேட்டிருக்கிறேன். பாப்பா என்னை ஏற இறங்கப் பார்த்து, "நீ இறங்கும்மா, நீ பாடம் நடத்தற" என்று இறக்கிவிட்டாள்.

வேளைக்குச் சாப்பிடுங்கள். கடைவாய்ப் பல்லில் வலி என்று அப்பாவிடம் சொன்னீர்களாமே, வேலை வேலை என்று தள்ளிப்போடாமல் காட்டிவிடுங்கள், பல் விஷயத்தில் பொறுமை ஆகாது. உங்களை ஆசீர்வதிக்க எனக்கு வயது போதாது, இருந்தாலும் கடவுளிடம் கேட்கிறேன், நீங்கள் எடுத்த காரியமெல்லாம் கைகூட வேண்டும், மனசு நிறைந்து இருக்க வேண்டும்.

இத்தனையும் எழுதியது ஒன்றைக் கேட்கத்தான். அப்பாவை மன்னிக்கச் சொல்லவில்லை. அது உங்களுக்கும் அவருக்கும் உள்ளது, அதில் நான் தலையிட மாட்டேன். கோபம் இருக்கட்டும், ஊருக்கு வராவிட்டாலும் பரவாயில்லை. ஒரே ஒரு தடவை போன் செய்து, பாப்பாவோடு விளையாடுங்கப்பா என்று அவரிடம் சொல்வீர்களா? நான் சொல்லிக் கேட்கவில்லை, டாக்டர் சொன்னாலும் கேட்க மாட்டார். நீங்கள் சொன்னால்தான் எழுந்திருப்பார். உங்களுக்குக் கிடைக்காததை இன்னொரு பிள்ளைக்குக் கொடுக்கச் சொல்லி உங்களிடமே கேட்பது நியாயமில்லை. தெரிந்துதான் கேட்கிறேன் தம்பி, அவள் கூப்பிடுவதை நிறுத்திவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் அம்மா