கதவில் சாய்ந்து உட்கார்ந்த மைமூனக்காவுக்கு

என் காவ்யாவுக்கும் தினேஷுக்கும் மத்தியானச் சோறு ஊட்டிய அன்பு மைமூனக்கா,

நீ போய் ஆறு வருஷமாகிறது. நான் இப்போது வேப்பம்பட்டில் இருக்கிறேன். கும்மிடிப்பூண்டி வேலையை விட்டுவிட்டு இங்கே தையல் கம்பெனியில் சேர்ந்துவிட்டேன். போன வாரம் பக்கத்து மிஷினில் தைக்கும் சுமதி, "அக்கா, புள்ளைய ஒரு அம்மா ஊட்ல வுடப் போறேன். அவங்கள இன்னா இன்னா கேக்கணும்?" என்றாள். வீட்டில் வேறு யார் யார் இருக்கிறார்கள், தண்ணீர்த் தொட்டிக்கு மூடி இருக்கிறதா, காய்ச்சல் வந்தால் என்ன செய்வார்கள், சொல்லாமல் போய் நின்றால் உள்ளே விடுவார்களா என்று தெரிந்ததை எல்லாம் சொன்னேன். "நீயும் அவங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தேன்.  முடிக்காமலே எழுந்து பாத்ரூமுக்குப் போய்விட்டேன்.

உன்னிடம் சொல்லாததை இன்னொருத்தியிடம் எப்படிச் சொல்வேன்?

உன்னிடம் வருவதற்கு முன்னால் பிள்ளைகளைச் சிப்காட் பஸ் ஸ்டாப்புக்குப் பின்னால் ஒருத்தி வீட்டில் விட்டிருந்தேன். காவ்யாவுக்கு நாலரை வயது, தினேஷுக்கு ஒன்றரை. எத்தனை மணிக்குக் கதவு திறப்பாள் என்பதைத் தவிர அவளை நான் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு நாள் கரண்ட் போய், கம்பெனியில் மத்தியானமே அனுப்பிவிட்டார்கள். நேராக அங்கே போனேன். தினேஷின் காலைப் புடவைக் கிழிசலால் கட்டில் காலோடு கட்டிப் போட்டிருந்தாள். அவன் வாயில் இருமல் மருந்து நாற்றம். தட்டி எழுப்பினால் தலை தொங்கியது. காவ்யா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். பாவாடையைத் தூக்கிப் பார்த்தால் தொடையில் கரண்டியால் சூடு வைத்த தடம், புதிதாக ஒன்று, பழையதாக ஒன்று.

நான் அவள் தலைமயிரைப் பிடித்துச் சுவரில் மோதினேன். ஒரு தடவை இல்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் பிரித்து இழுக்கும்வரை மோதினேன். நெற்றியிலிருந்து ரத்தம் வடிய வடிய அவள், "ஆறு புள்ளைய வெச்சிகினு ஒண்டியா நான் இன்னா பண்றது? மருந்து குடுக்காட்டி ஒண்ணு கூடத் தூங்காது" என்றாள்.

அன்று சாயங்காலம், இப்படிப்பட்டவளைத் தேடிப் பிடித்தது நான்தான் என்று சொல்லி என் புருஷன் சேகர் என்னை அடித்தான். அவன் அடிப்பதற்குக் காரணம் தேவைப்பட்டதில்லை. அன்று காரணமும் கிடைத்துவிட்டது. தாடை வீங்கி இரண்டு நாள் கஞ்சிதான் குடித்தேன்.

அந்த வீங்கிய தாடையோடுதான் உன் வாசலுக்கு வந்தேன். கம்பெனி பஸ்ஸில் ஒருத்தி உன் பேரைச் சொல்லியிருந்தாள். பழவேற்காட்டுப் பெண், புருஷன் செத்து ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால் தனியாக இருக்கிறாள், மூன்று பிள்ளைகளுக்கு மேல் சேர்க்க மாட்டாள் என்று. இந்தத் தடவை கேள்விகளை மனப்பாடம் செய்துகொண்டு வந்தேன். நீ வெற்றிலையை மென்றபடி ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாய். "அழுதா இன்னா பண்ணுவீங்க?" என்று கேட்டேன்.

"அழுதா தூக்குவேன். தூக்கியும் அழுதா, தூக்கிகினே சோறாக்குவேன். ரொம்ப எரிச்சல் வந்தா கீழ வுட்டுட்டு வாசல்ல போய் கொஞ்ச நேரம் நிப்பேன். கை மட்டும் வெக்க மாட்டேன்."

எரிச்சலே வராது என்று நீ சொல்லியிருந்தால் பிள்ளைகளைத் திரும்பக் கூட்டிக்கொண்டு போயிருப்பேன், அக்கா.

பிறகு நீ வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தாய். "நீ கேட்டது முடிஞ்சிதா? இப்ப நான் கேக்கறேன். புள்ளைங்கள யாரு வந்து கேட்டா குடுக்கணும்? யாருக்குக் குடுக்கக் கூடாது?"

"அவங்க அப்பா வந்தா குடுங்கக்கா."

நீ என் தாடையைப் பார்த்தாய். "இது இன்னாது?"

"பஸ்ல கம்பி இடிச்சிடுச்சி."

"சரி" என்றாய். அதற்கு மேல் கேட்கவில்லை. ஏன் பொய் சொன்னேன்? வெட்கம் ஒரு பக்கம். குடிகாரன் பெண்டாட்டி என்று தெரிந்தால் பிள்ளைகளைச் சேர்க்க மாட்டாயோ என்ற பயம் இன்னொரு பக்கம். அதற்குப் பின் ஒரு வருஷத்துக்கும் மேல் தினமும் இரண்டு வேளை உன் முகத்தைப் பார்த்தேன். 'நீங்க' போய் 'நீ' வந்தது. என் தட்டில் மீன் வைத்துக் கொடுத்தாய். உண்மையைச் சொல்ல எத்தனை நாள் இருந்தது.

அந்தக் கடைசி நாளைச் சொல்கிறேன். சேகரை ரோலிங் மில்லில் வேலையை விட்டு நிறுத்தி ஒரு மாதம் ஆகியிருந்தது. காலையிலேயே குடித்திருந்தான். "இன்னிக்கி ரெண்டு புள்ளையும் இட்டுனு போயி ரயில்ல வுழறேன். நீ கம்பெனிக்குப் போய்ச் சம்பாரி" என்றான். அதைக் காதால் கேட்டுவிட்டு, பிள்ளைகளை உன் கையில் கொடுத்துவிட்டு, பஸ் ஹாரன் அடிக்கிறது என்று ஓடினேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை, அக்கா. எத்தனையோ நாள் இப்படிச் சொல்லியிருக்கிறான், இன்றும் சொல்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு மணிக்கு அவன் வந்தான். கையில் மில்லிலிருந்து எடுத்து வந்த முக்கால் ஆள் நீளக் கம்பி. பக்கத்து வீட்டு லட்சுமி சொல்லித்தான் மற்றது எனக்குத் தெரியும். நீ பிள்ளைகளை உள் அறையில் தள்ளித் தாழ் போட்டுவிட்டு முன்னால் நின்றாயாம்.

"தேவகி வரட்டும்" என்றாயாம்.

"எம் புள்ளைய எனக்குக் குடுக்கறதுக்கு அவ இன்னாத்துக்கு? நீ யாரு?"

"குடிச்சிட்டுக் கம்பி எடுத்துனு வந்தா அப்பனே ஆனாலும் குடுக்க மாட்டேன். போ."

முதல் அடி நீ தடுத்த கையில். எலும்பு முறிந்த சத்தம் தன் அடுப்படிவரை கேட்டது என்றாள் லட்சுமி. இரண்டாவது தோளில். நீ ஓடவில்லை. வெளிப்பக்கம் திறக்கிற அந்த உள் அறைக் கதவில் முதுகைச் சாய்த்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாய். உன்னை நகர்த்தாமல் அது திறக்காது. அவன் தலையில் அடித்தான். காலைப் பிடித்து இழுத்தான். முறியாத கையால் நீ நிலைப்படியைப் பிடித்துக்கொண்டாய். அந்தக் கையிலும் அடித்தான். லட்சுமி அடுப்பிலிருந்த கொதிக்கிற சோற்றுப் பானையை அப்படியே தூக்கிவந்து அவன் முதுகில் கொட்டினாள். அவன் அலறிக்கொண்டு தெருவுக்கு ஓட, ஆட்டோக்காரர்கள் பிடித்து உதைத்துக் கம்பத்தில் கட்டினார்கள். கதவைத் திறக்க உன்னைத் தூக்கி நகர்த்தியபோதும் உன் விரல்கள் நிலைப்படியை விடவில்லையாம்.

சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் உனக்கு நினைவு வந்தது. ஒரு கண்தான் திறந்தது. என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாய். பிறகு, "நீ எங்கிட்ட பொய் சொன்ன" என்றாய். நான் உன் காலைப் பிடித்தேன். "அன்னிக்கே சொல்லியிருந்தா பின்னால ஒரு கதவு வெச்சிருப்பேன். ஓடறதுக்கு வழி இருந்திருக்கும்."

உன் குரலில் கோபம் இருந்தது. மன்னித்தேன் என்று நீ சொல்லவில்லை. ஒன்பதாம் நாள் போய்விட்டாய்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றே போலீஸ் கேட்டபோது, "நான் வேலைக்குப் போயிருந்தேன், எனக்கு ஒண்ணும் தெரியாது" என்று சொல்லிவிட்டேன். என் கொழுந்தன் பக்கத்திலேயே நின்றான். "அந்தம்மா படியில வுழுந்துடுச்சின்னு சொல்ல சொல்லி லட்சுமிகிட்ட நான் பேசறேன். நீ வாய தொறக்காத. புள்ளைங்களுக்கு அப்பன் வேணாமா?" என்றான். நீ இறந்த மறுநாள் உன் தங்கை ஜரீனா உன் சாமான்களை எடுக்க வந்தாள். அழவில்லை. "எங்க அக்கா உம் புள்ளைங்களுக்காகச் செத்தா. நீ அவளுக்கு இன்னா பண்ணப் போற?" என்று மட்டும் கேட்டாள். அவளோடு அப்படியே போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்தேன். அன்று காலை அவன் சொன்னது, நான் மறைத்தது, எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன்.

திருவள்ளூர் கோர்ட்டில் அவன் வக்கீல் கேட்டார். "அப்பா வந்தா குடுங்கன்னு நீங்களே சொல்லியிருந்தீங்களா இல்லையா?"

"சொன்னேன். அது பொய். அந்தப் பொய்யாலதான் அவங்க செத்தாங்க."

கூண்டில் நின்று அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். ஏழு வருஷம் போட்டார்கள்.

போன வாரம் பாதியில் விட்டதை, யாருக்குப் பிள்ளையைக் கொடுக்கக் கூடாது என்று மறைக்காமல் சொல்லிவிட வேண்டும் என்பதை, மறுநாளே சுமதியிடம் சொல்லி முடித்தேன். தன் மாமியார் வீட்டிலிருந்து யார் வந்தாலும் பிள்ளையைக் கொடுக்கக் கூடாது என்று அந்த அம்மாவிடம் சொல்லிவிட்டாளாம். ஏன் என்று நான் கேட்கவில்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமை காலை கொழுந்தன் வந்தான். எங்கள் வீட்டை எப்படிக் கண்டுபிடித்தானோ. தண்டனையில் தள்ளுபடி கிடைத்துச் சேகர் அடுத்த மாதம் வெளியே வருகிறானாம். "அண்ணன் திருந்திட்டான் அண்ணி. புள்ளைங்கள ஒரு தபா பாக்கணும்ன்றான். அன்னிக்கி ஏதோ கைகலப்புல ஒரு அடி பட்டுடுச்சி, அவ்ளோதான்."

காவ்யாவுக்குப் பதினொன்று முடிந்துவிட்டது, அக்கா. அந்த நாளைப் பற்றி இத்தனை வருஷத்தில் அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை. சின்னப் பிள்ளை, மறந்திருப்பாள் என்று நானும் என்னை ஏமாற்றிக்கொண்டிருந்தேன். அவள் சமையல்கட்டிலிருந்து வந்து என் முன்னால் நின்றாள்.

"ஒரு அடி இல்ல சித்தப்பா. ஒன்பது. நான் கதவுப் பலகை சந்துல பாத்துக்கினு இருந்தேன். தம்பி பாக்காம இருக்க அவன் கண்ண பொத்திக்கினேன். ஒன்பதும் எங்க எங்க வுழுந்துச்சின்னு சொல்லட்டா?"

அவன் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான். காவ்யா தரையில் உட்கார்ந்தாள்.  அவளைச் சாயங்காலம்வரை மடியில் போட்டுக்கொண்டிருந்தேன். நடு நடுவே அந்த நாளைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருந்தாள். நிறுத்து என்று நான் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை லீவு போட்டிருக்கிறேன். இருவரையும் பழவேற்காட்டுக்கு, ஜரீனா வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். தினேஷுக்கு உன் முகம் நினைவில்லை. அவன் கண்ணைப் பொத்தியவளே அவனுக்குச் சொல்லட்டும். பக்கத்தில் உட்கார்ந்து, என் பங்கை நானே சொல்கிறேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு, அக்கா.

நீ மன்னிக்காவிட்டாலும்
உன் தங்கச்சிதான்,
தேவகி