மாரிராஜ் கொடுத்த ரத்தம்

அன்பு மகன் குற்றாலீஸ்வரனுக்கு,

இலஞ்சிக் குமரன் புண்ணியத்தில் இங்கே எல்லாரும் சுகம், மஸ்கட்டில் நீயும் அப்படியே இருக்க வேண்டும். அப்பாவுக்கு இடுப்பு ஆபரேஷன் புண் ஆறி, நம் தேங்காய்க் கமிஷன் கடைக்கு வந்து லோடுமேன்களை விரட்டுகிற அளவுக்குத் தேறிவிட்டார். ஒரு விஷயம், போனில் சொன்னால் பாதியிலேயே பதறுவாய் என்று எழுதுகிறேன்.

ஊரான் ரத்தம் வேண்டாம், சொந்தத்தில்தான் ஏற்ற வேண்டும் என்று அப்பா பிடிவாதம் பிடித்து, என் தம்பி மகன் மாரிராஜ் கொடுத்தானில்லையா, அதிலிருந்து கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம், "என் ஒடம்புல மருமவன் ரத்தம்லா ஓடுது" என்று ஒரே பெருமை. போன மாதம் மாரிராஜ் கடைக்கு ஓடி வந்தான், முகத்தில் ஈயாடவில்லை. ரத்த வங்கியில் அவனைத் தனியாகக் கூப்பிட்டு, ரத்தத்தில் ஹெபடைட்டிஸ் பி கிருமி இருக்கிறது என்றார்களாம். "அத்த, மாமாவுக்கு என் ரத்தத்தத்தான் ஏத்துனாவளா?" என்று கேட்டு அழுதுவிட்டான். கையோடு கூட்டிப்போய் விசாரித்தேன். அவன் கொடுத்ததைச் சோதனையிலேயே ஒதுக்கிவிட்டார்கள், அப்பாவுக்கு ஏற்றியது ஏற்கெனவே சோதித்து வைத்திருந்த யாரோ ஒருவருடையது. யார் பெற்ற பிள்ளையோ, நன்றாக இருக்கட்டும்.

மாரிராஜுக்கு ஈரலில் இப்போதைக்குக் கேடில்லை, அவ்வப்போது பார்த்துக்கொண்டால் போதும் என்றார் டாக்டர். ஆனால் ஆவணியில் கல்யாணமில்லையா? அவன் அப்பா, உன் மாமா வீரபாகு, "தாலி கட்டுத வரைக்கும் மூச்சு விடப்பிடாது" என்கிறான். பயல் மசியவில்லை, பெண் சுஜிதாவிடம் மறைத்துக் கட்டமாட்டேன், அவள் வேண்டாமென்றால் போகட்டும் என்று நின்றான். நம் பிள்ளை ஒன்றும் அழுகல் தேங்காயில்லை, ஆனாலும் சொல்லாமல் தள்ளிவிடுவது வியாபாரத்திலேயே ஆகாது. நானே செங்கோட்டைக்குக் கூட்டிப்போனேன். விஷயத்தைக் கேட்டதும் பெண்ணின் அம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள். சுஜிதா மட்டும் டாக்டர் சொன்னதையெல்லாம் திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டு அவனைப் பார்த்து, "மூணு ஊசி போட்டா எனக்கு ஒட்டாதுல்லா? பெறவு எதுக்கு மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு நிக்கிய?" என்றாள். அவளுக்கும் சோதித்துப் பார்த்து முதல் ஊசி போட்டாயிற்று.

மாரிராஜின் அம்மாதான் இன்னும் அவனுக்குத் தட்டும் தம்ளரும் தனியாக வைக்கிறாள், சேர்ந்து சாப்பிட்டால் ஒட்டாது என்று சொன்னாலும் கேட்பதில்லை. அதனால் மத்தியானச் சாப்பாடு நம் வீட்டில், அப்பாவுக்குப் பக்கத்தில். "ஒன் ரத்தம் ஏறாட்டி என்னலே, குடுக்க வந்தேல்லா" என்று இவர் அவனுக்குக் குழம்பு ஊற்றுகிறார்.

வெளியே யாரிடமும் மூச்சுவிடாதே. நீயும் ஒருமுறை சோதித்துக்கொள். மாப்பிள்ளைத் தோழன் நீதான், லீவு இப்போதே சொல்லிவை. முதலில் மச்சானுக்குப் போன் போடு. இரக்கப்பட்டுப் பேசாதே, எப்போதும்போல் நாலு வசவு வை, அதற்குத்தான் ஏங்கிப்போயிருக்கிறான்.

நோய்நொடி இல்லாமல் நூறாண்டு இரு ராசா.

உன் அம்மா,
சங்கரேஸ்வரி