என்னைவிட

ஜூன் 10, செவ்வாய்

சாயப்பட்டறையில் இன்றும் கத்தினேன். தப்பை மறைத்தால் கத்தாமல் என்ன செய்வது? இரண்டு ரோல் துணி நிறம் மாறி வந்திருக்கிறது, என்னிடம் ஒருவரும் வாய் திறக்கவில்லை. கூட வேலை செய்யும் மாரிச்செல்வம் போய் நின்றதும் எல்லாம் வெளியே வந்தது. எப்படி என்று கேட்டேன். "ஏலே, நீ கேக்கது போலீசு கேக்க மாதிரி இருக்கு. எவன் சொல்லுவான்?" மண்ணரைப் பகுதியில் ஒரே வாடகை அறையில் இருக்கிறோம், அந்த உரிமை. சொன்னதும் சரிதான்.

ஜூன் 12, வியாழன்

எங்களிடம் துணி வாங்கும் பெங்களூர் பையர் ஆபீஸிலிருந்து மெயில். புது ஆர்டருக்குச் சாயப் பொறுப்பை யாரிடம் கொடுக்கலாம், குவாலிட்டி ஆளான என் கருத்து வேண்டுமாம். மாரிச்செல்வம் பெயரை எழுதினேன். கிடைத்தால் தூத்துக்குடியிலிருந்து அம்மாவைக் கூட்டிவந்து வீடு பார்க்கலாம் என்றிருக்கிறான்.

"The dyeing team trusts Marichelvam more than me" என்று அடித்தேன். அனுப்பும்போது me-ஐ எடுத்துவிட்டு I போட்டேன். than-க்குப் பிறகு I தான். ஆபீஸில் பாதிப் பேருக்கு இதுகூடத் தெரியாது.

ஜூன் 16, திங்கள்

அவனுக்குக் கிடைக்கவில்லை. ஏன்?

ஜூன் 17, செவ்வாய்

மேனேஜர் ஆத்தப்பன் கூப்பிட்டார். "ஏங்கண்ணு, அந்தப் பையன் மேல நம்பிக்கை இல்லீன்னா எங்கிட்டச் சொல்றது. பையருக்கா எழுதுவ?"

மெயிலைக் காட்டினார். உங்கள் தயக்கத்தைக் குறித்துக்கொண்டோம் என்று பதில் வந்திருந்தது.

நின்றபடியே படித்தேன். அந்த I-க்குப் பின்னால் இன்னொரு trust ஒளிந்திருக்கிறது. நான் அவனை நம்புவதைவிட அவர்கள் அதிகம் நம்புகிறார்கள் – அதாவது எனக்கு நம்பிக்கை குறைவு. நான் சொல்ல வந்தது, அவர்கள் என்னை நம்புவதைவிட அவனை அதிகம் நம்புகிறார்கள் என்று. அதற்கு me. தமிழில் இரண்டுக்கும் ஒரே 'என்னைவிட'. சரியாக அடித்ததைத் திருத்திக் கெடுத்திருக்கிறேன். முட்டாள்.

விளக்கி எழுதுகிறேன் என்றேன். "வேண்டாஞ்சாமி, அவங்க முடிவு பண்ணியாச்சு. அந்தப் பொறுப்புக்கு உன்னையத்தான் கேக்கறாங்க."

ஜூன் 18, புதன்

மாரிச்செல்வத்திடம் சொன்னேன். I, me எல்லாம் எழுதிக் காட்டினேன். முழுக்கக் கேட்டான். "எம் மெயில்ல நீ வாரம் நாலு தப்பு புடிக்க. ஒனக்கு இங்கிலீசுல தப்பு வருமாலே?"

வந்துச்சே! நெசமாலுமே வந்துச்சு. இதை எப்படிச் சொல்லித் தொலையறது? நான் தப்பே பண்ண மாட்டேன்னு ஊரெல்லாம் காட்டிக்கிட்டவன் நான்தானே.

ஜூன் 20, வெள்ளி

பொறுப்பை ஏற்றுக்கொண்டேன். நான் மறுத்தாலும் அவனுக்கு வராது என்று ஆத்தப்பன் சொன்னார். அதைக் கேட்டு நிம்மதியாக இருந்தது. ஏன் நிம்மதி?

ஜூலை 1, செவ்வாய்

மாரிச்செல்வம் அறையைக் காலி செய்தான். பெருந்துறையில் வேறொரு பட்டறை. பாத்திரங்களை எனக்கே விட்டுவிட்டான். வேண்டாம் என்றேன். பையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டான்.

ஜூலை 21, திங்கள்

மறுபடி நிறம் மாறியிருக்கிறது. இந்த முறை நான் கத்தவில்லை. அப்படியும் பட்டறையில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

மாரிச்செல்வத்துக்குப் போன் போட்டேன். எடுத்தான்.

"சொல்லுங்க."

ஆள் தெரியவில்லை போல என்று, "நான்தாண்டா, செல்வக்குமார்" என்றேன்.

"தெரியும். நம்பர் இருக்கு. நீங்க சொல்லுங்க."